17 வயது மருமகனைக் குடிக்கும்போது பொலிஸ் பிடித்தது, இனி என்ன நடக்கும்?

களுவாஞ்சிக்குடி மாமா:
வணக்கம். அக்காவின் மகனுக்கு 17 வயது, அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. சனிக்கிழமை இரவு கல்லடிக் கடற்கரையில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு இருந்தபோது பொலிஸ் வந்திருக்கிறது. அரைப் போத்தல் சாராயம், அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். பெயர் எழுதிக்கொண்டு, அக்காவைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டு, புதன்கிழமை நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் கட்டாரில். அக்கா இரண்டு நாளாய்ச் சோறு தொடவில்லை. கோட்ஸுக்குப் போகுமா? படிப்புக்கும் பிறகு வேலைக்கும் இடைஞ்சல் வருமா? காசு கொடுத்தால் முடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அதுவும் பயமாக இருக்கிறது.

வாகரைப் பொடியன்:
சட்ட வயது 18தானே அண்ணா, ஒரு வருடம்தான் குறைவு. எச்சரித்து விட்டுவிடுவார்கள்.

கோட்டைமுனை அன்ரி:
18 இல்லை தம்பி, 21. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் என்பது. பார் கவுண்டருக்கு மேலே பலகையில் எழுதித் தொங்குவது அதுதான். ஆனால் அந்தப் பிரிவு பிடிப்பது 21க்குக் குறைந்தவருக்கு விற்பவரை. அதனால் போத்தல் எங்கே வாங்கியது என்று முதலில் கேட்பார்கள், பொடியன் உண்மையைச் சொல்லட்டும்.

நான் ஒரு சட்டத்தரணியிடம் 14 வருடம் எழுதுநராக இருந்தேன், கண்டதைச் சொல்கிறேன். குடித்துவிட்டுப் பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். சண்டை, கூச்சல் எதுவும் இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள். அக்கா கட்டாயம் கூடவே போகவேண்டும், பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப்போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். வாசித்துக் காட்டாமல் ஒரு கையெழுத்தும் வேண்டாம்.

எங்கள் ஆட்கள் விடும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அலைச்சல் முடியட்டும் என்று, கோட்ஸில் யாரிடமும் கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். நிலையத்தில் எச்சரித்து அனுப்புவது வேறு, நீதவான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது வேறு, பின்னால் நின்று இடறுவது இரண்டாவதுதான். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியோடு போங்கள், வசதி இல்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காசுப் பேச்சை விட்டுவிடுங்கள், லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

ஒன்று கேட்க மறந்துபோனேன். எதில் போனார்கள்?

களுவாஞ்சிக்குடி மாமா:
அக்காவின் மோட்டார் சைக்கிளில். பொலிஸ் வந்தபோது நிறுத்தித்தான் இருந்தது. ஓட்டிக்கொண்டு போனது மருமகன்தான், லைசன்ஸ் இல்லை.

கோட்டைமுனை அன்ரி:
குடியைவிட எனக்கு இதுதான் பயம். லைசன்ஸ் இல்லாமல் ஓடினால் தண்டம் 25,000 ரூபாயிலிருந்து, வெறியில் ஓடினாலும் அப்படியே. பலூன் ஊதச் சொல்லி, 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வெறியில் ஓட்டியது என்றுதான் கணக்கு. திறப்பைக் கொடுத்த அக்கா மீதும் வழக்கு வரலாம். பலூன் ஊத வைத்தார்களா என்று பொடியனிடம் கேளுங்கள், புதன்கிழமைக்கு முதல் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

அக்கரைப்பற்று அம்மா:
என் மகனும் 16 வயதில் இப்படித்தான் பிடிபட்டான். அன்றிரவு நான் அடித்தேன். அவன் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை, தட்டில் வைத்த சோறு வாசலிலேயே காய்ந்து கிடந்தது. நான்காம் நாள் என் தம்பிதான் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து வெளியே கொண்டுவந்தான். எத்தனை நாளாகக் குடிக்கிறான், யார் பழக்கியது என்பதெல்லாம் அவன் மாமாவிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. நீங்களும் மாமாதானே, புதன்கிழமைக்கு முதல் அவனோடு ஒரு தரம் உட்காருங்கள்.

களுவாஞ்சிக்குடி மாமா:
நன்றி அன்ரி, நன்றி அக்கா. கேட்டேன், பலூன் ஊத வைக்கவில்லையாம். நாளைக் காலை எட்டு மணிக்குச் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறோம். மோட்டார் சைக்கிள் திறப்பு இப்போது என் சட்டைப் பையில். அவன் பின் வளவில் இருக்கிறான், அங்கேதான் போகிறேன்.