புதுப்பிப்பு: கேரவன் இழுக்க டீசல் ஃபோர் வீல் டிரைவ், முடிவு பண்ணிட்டேன்

சின்ன கேரவன் டிரெய்லர் இழுக்க எந்த டீசல் ஃபோர் வீல் டிரைவ் நல்லதுன்னு போன வாட்டி கேட்டிருந்தேன்ல, ஸ்கார்பியோ-என் ஆட்டோமேட்டிக்னு முடிவாயிடுச்சு. ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்ல டார்க் (torque, இன்ஜினோட முறுக்கு விசை) 500 நியூட்டன் மீட்டர், ஆசதான், பட்ஜெட் இடிக்குது. ஸ்கார்பியோ 400, இசுசு வி-கிராஸ் பிக்கப் 1.9 லிட்டர் 360. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி பாரத்தோட ஊர்ந்து ஊர்ந்து போறப்ப மேனுவல்னா கிளட்ச் தேஞ்சே போயிடும், அதான் ஆட்டோமேட்டிக்.

ஆனா டார்க் மட்டும் பாக்காதீங்கண்ணா, டிரெய்லர் மொத்த வெயிட்ல சுமார் 10 சதவீதம் காரோட பின்பக்க இழுவை கொக்கி மேல உக்காரணும், டிரெய்லரோட பின்பக்கமா பாரம் ஏத்துனா ஸ்பீடுல டிரெய்லர் ஆட ஆரம்பிச்சு காரையும் சேத்து இழுத்துடும், ரொம்ப டேஞ்சர். ஃபோர் வீல் மணலுக்கும் சேத்துக்கும்தான், காஞ்ச தார் ரோட்ல போடாதீங்க, கியர் எல்லாம் முறுக்கிக்கும். டிரெய்லருக்கு தனி ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அடுத்து அந்த வேலதான்.