தாழிக்கு மேலே கண்ணாடி: ஆதிச்சநல்லூரில் இப்படி நடக்கலாமா?

பொருநைக்கரையாள்:
போன வாரம் தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் போயிருந்தேன். 2023 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்த அகழாய்வுத் தள அருங்காட்சியகத்துக்கு. தோண்டிய குழியில், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதன்மேல் நடந்துதான் பார்க்கிறார்கள். எனக்குக் கால் எழவில்லை. கீழே வாய் உடைந்த தாழி, அதற்கு நேர் மேலே ஒருவருடைய செருப்பு. ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அது இடுகாடு. சுற்றி ஒரு நடைபாதை போட்டிருக்கக் கூடாதா?

எழிலன்:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. அங்கே எடுத்த இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு அங்கே புண்படுவதற்கு யாரும் இல்லை. 1876இல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போனது. பிறகு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. இப்போதுதான் தாழியை அதன் குழியிலேயே விட்டிருக்கிறோம். மரியாதை என்றால் இதுதான்.

வல்லநாட்டான்:
புண்பட யாரும் இல்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம் தம்பி. புதைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லையே. உள்ளே இருந்த சட்டிகளில் நெல் உமி, தினை உமி கிடைத்ததாக ரீ எழுதியிருக்கிறார். இரும்பு ஆயுதங்களும் கூடவே. போகிற இடத்தில் பசிக்கும் என்று நம்பாதவன் சோறு வைப்பானா?

எழிலன்:
வைப்பான் அண்ணாச்சி. என் அப்பாவுக்கு மறுமையில் நம்பிக்கை கிடையாது, எனக்கும் இல்லை. ஆனாலும் அவருக்கு வாய்க்கரிசி போட்டேன். அரிசி விரலில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது, உதறிப் போட வேண்டியிருந்தது. அவர் சாப்பிடுவார் என்று நினைத்தா போட்டேன்? அவருக்குக் கடைசியாகச் செய்ய வேறொன்றும் இல்லை, அதனால் போட்டேன். உமியை வைத்து மறுமை நம்பிக்கையை நிரூபிக்க முடியாது.

பொருநைக்கரையாள்:
எழிலன், நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. புறநானூறு 256ஐப் பாருங்கள். கணவனை இழந்தவள் குயவனிடம் கேட்கிறாள்: வண்டி ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லி போல இவரோடு வழியெல்லாம் வந்தேன், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய். அந்தப் பாட்டில் மேலுலகம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இடம் மட்டும்தான் கேட்கிறாள். அப்படிக் கேட்டு வாங்கிய இடத்தின் மேல் மிதிக்க என்னால் முடியாது. மறுமை உண்டா இல்லையா என்பது இதில் வரவே இல்லை.

வல்லநாட்டான்:
எனக்கு வருகிறது. எங்கள் ஆச்சி தாழிகள் புதைந்த அந்தப் பரம்பு மேட்டுப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். ‘பெரியவங்க உறங்குறாங்க’ என்பாள். அவளுக்கு அவர்கள் இருந்தார்கள். எனக்கும் இருக்கிறார்கள்.

எழிலன்:
ஆச்சியை நான் மறுக்கவில்லை. என் பயம் வேறு. இன்றைக்குச் செருப்பு, நாளைக்குச் சூடம், அடுத்த மாதம் உண்டியல். அப்புறம் தோண்டவே விடமாட்டார்கள். தோண்டவேண்டிய இடம் இன்னும் கிடக்கிறது.

பொருநைக்கரையாள்:
சூடம் வேண்டாம், தோண்டுவதையும் நிறுத்த வேண்டாம். நடைபாதைக்குச் செலவாகும் என்றால், செருப்பை வெளியில் விடச் சொல்லி வாசலில் ஒரு பலகை மாட்டட்டும்.

எழிலன்:
பலகைக்கு நானும் சம்மதம். ஆனால் காரணம் எழுதும்போது ‘ஆன்மா’ என்று எழுதாதீர்கள்.

வல்லநாட்டான்:
‘பெரியவங்க உறங்குறாங்க’ என்று எழுதலாமா?