எஸ்டர் சோதனையில் பழ மணம் வரவில்லை, வினிகர் நெடிதான் வருகிறது

பத்தாம் வகுப்பு டீச்சர்:
வணக்கம். ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடம் நடத்துகிறேன். எத்தனால் என்ற ஆல்கஹாலும் எத்தனாயிக் அமிலமும் சேர்ந்தால் எஸ்டர் என்ற பழ மணமுள்ள சேர்மம் வரும் என்று சொல்லிவிட்டு, செய்தும் காட்டினேன். எத்தனாயிக் அமிலத்துக்கு 5 மி.லி. வினிகர், எத்தனாலுக்கு 5 மி.லி. கைகழுவும் சானிடைசர், அடர் கந்தக அமிலம் நாலைந்து சொட்டு. சோதனைக் குழாயை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தேன். முன் பெஞ்சு பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, “ஊறுகாய் வாசனை டீச்சர்” என்றான். இரண்டு தடவை செய்தும் அதேதான். எங்கே தப்பு? பிள்ளைகள் ஆவலாகக் காத்திருக்கிறார்கள், விட மனசில்லை.

ஆய்வக உதவியாளர்:
டீச்சர், சானிடைசர் லேபிளில் என்ன போட்டிருக்கிறது? நிறைய சானிடைசரில் எத்தனாலே இருக்காது.

பத்தாம் வகுப்பு டீச்சர்:
இப்போதுதான் பார்த்தேன் சார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம், கிளிசரின், தண்ணீர்.

வேதியியல் முதுகலை ஆசிரியர்:
அப்போது ஆல்கஹாலே வேறு. அதைவிடப் பெரிய தடை தண்ணீர்.

இது மீள் வினை. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் நீரும் உண்டாகும்போதே, எஸ்டரும் நீரும் சேர்ந்து பழையபடி அமிலமும் ஆல்கஹாலுமாகத் திரும்பிக்கொண்டும் இருக்கும். தண்ணீரே இல்லாமல் இரண்டையும் சம மோல் (அதாவது சம எண்ணிக்கை மூலக்கூறுகள்) எடுத்தால்கூட மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். வினிகரில் அமிலம் சுமார் 5 சதவீதம், மிச்சமெல்லாம் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு அமில மூலக்கூறுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள்! வினை எப்படி முன்னால் போகும்? கந்தக அமிலம் வினையூக்கி, நீரை உறிஞ்சவும் செய்யும். ஆனால் நாலு சொட்டு அத்தனை தண்ணீரை என்ன செய்துவிடும்?

கிளேசியல் அசிட்டிக் அமிலம் வாங்குங்கள், அது கிட்டத்தட்ட நீரில்லாத எத்தனாயிக் அமிலம். (ஊட்டிப் பக்கம் பள்ளி என்றால் குளிர்காலக் காலையில் புட்டியிலேயே உறைந்து நிற்கும், உருகுநிலை 16.6 டிகிரிதான்.) தோலில் பட்டால் புண்ணாக்கும், கையுறை, கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். எத்தனால் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, எடுத்து வைத்த வெந்நீரில்தான் குழாயை வைக்க வேண்டும்.

ஆய்வக உதவியாளர்:
இன்னொன்று. சூடான குழாயை நேராக முகராதீர்கள். மிச்சமிருக்கும் அமில நெடி எஸ்டரை மறைத்துவிடும். ஒரு பீக்கரில் சலவைச் சோடா கரைசல் வைத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரை பொங்கும், அது கார்பன் டை ஆக்சைடு. அமிலம் அடங்கியதும் எஸ்டர் மேலே வரும், அப்போது கையால் விசிறி முகருங்கள். நான் ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் செய்து கொடுக்கிறேன்.

பத்தாம் வகுப்பு டீச்சர்:
வந்துவிட்டது!! பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் எத்தனாலும் கிளேசியலும் கேட்டு வாங்கினேன். தலா 2 மி.லி., ஐந்து சொட்டு கந்தக அமிலம், வெந்நீரில் ஐந்து நிமிடம். சோடா கரைசலில் ஊற்றியதும் நுரை ஏறி இறங்கியது, வகுப்பு முழுக்க ஒரு இனிப்பு வாசம். ஆனால் ஒரு பெண், “நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரி இருக்கு டீச்சர்” என்கிறாள். சரிதானா?

வேதியியல் முதுகலை ஆசிரியர்:
அவள் மூக்கு மிகச் சரி. பல ரிமூவர்களில் இருப்பதே நீங்கள் செய்த இந்த எஸ்டர், எத்தில் எத்தனோயேட்தான். பழ மணம் என்றால் மாம்பழத்தை எதிர்பார்த்துவிடுகிறோம். எத்தனாலுக்குப் பதில் ஐசோ அமைல் ஆல்கஹால் போட்டால் அசல் வாழைப்பழ வாசனையே வரும்.

பத்தாம் வகுப்பு டீச்சர்:
அதையும் செய்கிறேன் சார். அப்புறம் அந்த ‘ஊறுகாய்’ பையன் ஒன்று கேட்டான்: வெளியே வரும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அமிலத்துடையதா, ஆல்கஹாலுடையதா? எனக்குப் பதில் தெரியவில்லை.

வேதியியல் முதுகலை ஆசிரியர்:
அருமையான கேள்வி டீச்சர். 1938-இல் ராபர்ட்ஸ், யூரே என்ற இரு வேதியியலாளர்கள் இதையேதான் சோதித்தார்கள். மெத்தனாலில் கனமான ஆக்சிஜன்-18 ஐ அடையாளமாக வைத்து, பென்சாயிக் அமிலத்துடன் வினைபுரிய விட்டார்கள். அந்த ஆக்சிஜன் எஸ்டரிலேயே தங்கிவிட்டது, தண்ணீருக்கு வரவில்லை. ஆக, தண்ணீரின் ஆக்சிஜன் அமிலம் கொடுத்தது. நாளைக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.