‘டிஸ்டல் டிப் செல்’: ‘தொலைமுனை’ வேண்டாம், ‘குழல்நுனி’ போதும்

நண்பர்களே,

எலிகன்ஸ் உருளைப்புழுவின் இனப்பெருக்கக் குழல் முனையில் இருக்கும் ‘டிஸ்டல் டிப் செல்’லுக்கு (‘டிஸ்டல்’ என்றால் அடியிலிருந்து தொலைவில் உள்ளது) தமிழில் ‘தொலைமுனைச் செல்’ என்று முடிவு செய்துவிடலாம் என்று பேச்சு போகிறது, எனக்கு அதில் ஒரு நெருடல். அந்தப் புழு மொத்தமே ஒரு மில்லிமீட்டர்தான். இருபால் புழுவில் இனப்பெருக்கக் குழல் இரண்டு கிளையாக உடலின் நடுவில் தொடங்கி, ஒன்று தலைப்பக்கமும் மற்றது வால்பக்கமும் போய், அப்புறம் கொண்டை ஊசி வளைவுபோலத் திரும்பி மறுபடி நடுப்பகுதிக்கே வந்துவிடும். படத்தைப் பார்க்கும் மாணவர் ‘இதில் தொலைவு எங்கே?’ என்றுதான் கேட்பார்.

‘கடைமுனை’யும் சரிப்படாது. கடைமடை என்றால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். இங்கே ஓட்டம் தலைகீழ்: இனச்செல்கள் (பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ ஆகும் செல்கள்) அந்த முனையில்தான் பெருகி, அங்கிருந்து கருப்பையை நோக்கி நகர்கின்றன.

பெருக வைப்பதே இந்தச் செல்தான். இதன் மேற்பரப்பில் உள்ள லேக்-2 புரதம், பக்கத்து இனச்செல்லின் ஜிஎல்பி-1 ஏற்பியைத் தொடுகிறது. தொட்டதும் ஏற்பியின் உள்துண்டு அறுபட்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. இந்த முடுக்கம் இருக்கும்வரை, எஃப்பிஎஃப் என்ற புரதங்கள், ஒடுக்கற்பிரிவுக்குத் தள்ளும் ஜிஎல்டி-1 என்ற புரதம் உருவாகாமல் அமுக்கி வைக்கின்றன. செல் நகர்ந்து இந்தத் தொடுகையை இழந்ததும் ஜிஎல்டி-1 கூடுகிறது, ஒடுக்கற்பிரிவு தொடங்குகிறது. (‘மியாசிஸ்’, அதாவது முட்டையும் விந்தும் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவு. இலங்கைப் பாடநூல் சொல்லையே எழுதுகிறேன், நம் ‘குன்றல் பிரிவு’ எனக்கு ஏனோ ஒட்டவில்லை.) 1981இல் கிம்பிள், வைட் என்ற இரு ஆய்வாளர்கள் லேசரால் அந்த ஒரு செல்லை மட்டும் கொன்றார்கள். அந்தக் கிளையில் பெருகிக்கொண்டிருந்த இனச்செல்கள் எல்லாமே ஒடுக்கற்பிரிவுக்குப் போய்விட்டன.

இன்னொன்று, இளம்புழுவில் குழல் நீள்வதற்கு வழிகாட்டுவதும் இதே செல்தான். பந்தலில் படரும் கொடியின் கொழுந்துபோல முன்னால் போய், வளைவதும் அதுவே. கொடி வளைந்து தன் அடிக்கே திரும்பி வந்தாலும் நுனியை நாம் நுனி என்றுதானே சொல்கிறோம்? நுனி என்றாலே அடிக்கு எதிர்ப்புறம், அதனால் ‘டிஸ்டல்’ தனியாக வேண்டியதே இல்லை. வெறும் ‘நுனிச் செல்’ என்றால் இரத்தக்குழாய் வளர்ச்சியில் வரும் ‘டிப் செல்’லோடு மோதும். ஆகவே ‘குழல்நுனிச் செல்’. ஈழத்து நண்பர்கள் ‘குழல்நுனிக் கலம்’ என்று எழுதிக்கொள்ளலாம், சிக்கலில்லை.

ஜிஎல்பி-1 பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம். ஆனால் சர்க்கரை நோய் மருந்துகளில் அடிபடும் ஜிஎல்பி-1 வேறு, இது வேறு என்று ஒரு வரி கட்டாயம் போட வேண்டும். போன வாரம் ஒருவர் என்னிடம் இதைச் சாப்பிட்டால் உடல் இளைக்குமா என்று கேட்டுவிட்டார்.