காருக்குப் புது ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாட்டியாச்சு, வேலை செய்யுதா? (அனுபவப் பகிர்வு)

கரும்புகை:
முன்பக்கம் ரெண்டு ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக்) புதுசு. பானெட் ஓரத்தை அமுக்கி விட்டா ஒரே எழும்பல், நின்னுடுது. அமுக்கல் சோதனையில பாஸ். ஆனா சின்னக் குழியில இடதுபக்கம் மட்டும் "டொக்". கழற்றி நிமிர்த்தி வச்சு ராடை (பிஸ்டனோட சேர்ந்த கம்பி) அமுக்கினா, முதல் ரெண்டு சென்டிமீட்டர் ஒண்ணுமே இல்லாத மாதிரி வழுக்கி இறங்குது, அதுக்கப்புறம்தான் கனம் பிடிக்குது. பெட்டியில படுத்தே கிடந்ததால உள்குழாய்க்குள்ள வாயு புகுந்திருக்கு. ராடு மேல இருக்கிற மாதிரி நேரா நிறுத்தி, கடைசி வரைக்கும் மெதுவா இறக்கி, முழுசா இழுத்து, அஞ்சு தடவை செஞ்சதும் மேலிருந்து கீழ் வரை ஒரே கனம். ட்வின் ட்யூப் (குழாய்க்குள்ள குழாய் இருக்கிற ஷாக்) எதுவானாலும் மாட்டுறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும்.

ஆறாம்கியர்:
அமுக்கிப் பார்த்துட்டு "பாஸ்" போட்டதுதான் இடிக்குது. அந்தச் சோதனை செத்த ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். கையால அமுக்கும்போது பிஸ்டன் மெதுவா நகரும். சக்கரம் குழியில விழும்போது அதைவிடப் பல மடங்கு வேகம். ஸ்ட்ரட்ல உராய்வே பாதி ஆட்டத்தை நிறுத்திடும்.

ஒரு ஹேட்ச்பேக். பின்னால ரெண்டும் புதுசு, அமுக்கினா ரெண்டும் ஒரே மாதிரி. மேடுபள்ள ரோட்டில் இருபது நிமிஷம் ஓட்டி, நிறுத்தின கையோட தொட்டா ஒண்ணு வெதுவெதுப்பு, இன்னொண்ணு ஜில்லுனு. இத்தனைக்கும் ஜில்லுனு இருந்தது சைலன்சர் பக்கம்! ஆட்டத்தைச் சூடா மாத்துறதுதான் ஷாக்கோட வேலையே, ஜில்லுனு இருக்கிறது வேலை செய்யலை. முன்னால தொடும்போது பிரேக் டிஸ்க்ல கை படாம பாருங்க. அந்தச் சூடும் ஏமாத்தும், இடது வலதை மட்டும் ஒப்பிடுங்க.

மண்சாலை:
காத்து எடுக்கிற வேலையெல்லாம் எதுக்கு? நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா தானா போயிடும்.

நட்டுபோல்ட்டு:
சத்தம்னாலே ஷாக்கைத் திட்டுறீங்க. ஒரு வண்டி, பின்பக்கம் ஒரு விரல்கடை தூக்கலா நின்னுச்சு, ஓட்டினா கட்டை வண்டிதான். ஷாக் ரெண்டும் நல்லா இருந்துச்சு. கீழ் போல்ட்டை லிஃப்ட்ல சக்கரம் தொங்கும்போதே முழுசா முறுக்கியிருக்காங்க. புஷ் ரப்பர் (போல்ட்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்) அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். வண்டி இறங்கினதும் முறுகியே நிக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில இருக்க போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை ஆட்டி உட்கார வச்சு, மறுபடி முறுக்கினதும் உயரம் சரி.

கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். ஸ்ட்ரட் மேல் நட்டை முறுக்கும்போது ராடு கூடவே சுத்தும். அப்போ குரோம் பூச்சை பிளையரால கவ்வாதீங்க. ஒரு கீறல் போதும், ஆயில் சீலை அறுத்துடும். ராடு தலையில ஆலன் கீ போட்டுப் பிடிச்சு, மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (முறுக்கு அளவு) முறுக்கணும். ஸ்டீயரிங் திருப்பும்போது "டங்"னு தெறிச்சா ஸ்பிரிங் முனை அதோட தாங்கியில இருக்கிற படியில உட்காரலை, இல்லைன்னா ஸ்ட்ரட் தலையில இருக்கிற மவுண்டிங் பேரிங் கோளாறு. குழியில "டொக் டொக்"னா லிங்க் ராடைச் (ஸ்டெபிலைசர் பாரோட இணைக்கிற சின்னக் கம்பி) சந்தேகப்படுங்க: ரெண்டு பக்கமும் கழற்றிட்டு மெதுவா ஓட்டிப் பாருங்க, சத்தம் நின்னா அதுதான். பழைய பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுசா அமுங்கி இடிக்காம தடுக்கிற ரப்பர்) தூசி உறையையும் திருப்பி மாட்டி நூறு ரூபா மிச்சம் பிடிக்கிறவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. ஸ்ட்ரட் கழற்றினா வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மேடைத்தட்டு:
மெஷின்ல பார்க்கிறவங்களுக்கு. யூசாமாங்கிற ஷாக் சோதனை முறையில, வண்டி நிற்கிற தட்டு சக்கரத்தை நொடிக்கு 25 தடவை அதிரவைக்கும். அதிர்வு அடங்கி வரும்போது தட்டு மேல மிஞ்சுற குறைந்தபட்ச பாரம், நிற்கும்போது இருக்கிற பாரத்துல எத்தனை சதவீதம்னு காட்டும். 60க்கு மேல அருமை, 40க்கு மேல நல்லது, 20க்குக் கீழ மோசம். ஒரு புது ஜோடியில வலதுக்கு மட்டும் எண் இறங்கி வந்துச்சு. ஷாக்கைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிட்டாங்க. பார்த்தா அந்த டயர்ல மட்டும் காத்து கூட. டயர் இறுகினா எண் குறையும். காத்தைச் சமமாக்கினதும் ரெண்டும் ஒண்ணாச்சு. சின்ன வண்டியோட பின்பக்கம் பாரம் கம்மிங்கிறதால புது ஷாக்கும் குறைவாத்தான் காட்டும்.

கரும்புகை:
@மண்சாலை, ரோட்டில் ராடு முழு நீளம் ஏறி இறங்காது, நடுவுல கொஞ்சம்தான் ஆடும். உள்ள வாயு இருக்கிற வரை பிஸ்டன் ஆயில் இல்லாத அந்த இடத்தில அடிச்சு வால்வைக் கெடுக்கும். மோனோ ட்யூப்னா (ஒரே குழாய் ஷாக்) நீங்க சொல்றது சரி, அதுல வாயு தனி அறையில, இதெல்லாம் தேவையே இல்லை.