ரெண்டு டிஷ், ஒரே கேபிள்: ஸ்பிளிட்டர் போட்டா ஏன் சேனல் போகுது?

வள்ளியூர்வாசி:
அண்ணாச்சிமாரே, தட்டட்டியில (மொட்டை மாடியில) ரெண்டு டிஷ் நிக்குது. ஒண்ணு 60 செ.மீ., டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு (93.5 டிகிரி கிழக்கு). இன்னொண்ணு 6 அடி சி பேண்ட் (4000 மெகாஹெர்ட்ஸை ஒட்டின அலைவரிசை), 66 டிகிரி இன்டெல்சாட் 17-க்கு. ஹாலுக்கு சுவர்க் குழாய் வழியா இறங்குறது ஒரே ஆர்ஜி-6 கேபிள்தான், 25 மீட்டர். டூ-வே ஸ்பிளிட்டரைத் திருப்பிப் போட்டு ரெண்டையும் சேர்த்தா ஃப்ரீ டிஷ்ல பாதி சேனல் காணாமப் போகுது, சி பேண்ட்ல குவாலிட்டி குதிக்குது. பழைய தூர்தர்ஷன் யாகி ஆன்டெனாவும் கழற்றாம நிக்குது. அதுல டிஜிட்டல் வருமா? என்ன வாங்கணும், எந்த வரிசையில மாட்டணும்?

பாளை_டிஷ்:
ஸ்பிளிட்டரை முதல்ல கழற்றுங்க. ரெண்டு எல்.என்.பி.யும் (டிஷ் முன்னால சிக்னலை வாங்கி, அலைவரிசையைக் குறைச்சு அனுப்புற தலை) கீழே அனுப்புறது ஒரே அலைவரிசைப் பகுதியில்தான், அதான் சிக்கல். ஃப்ரீ டிஷ்ஷோட 11090 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கோங்க: எல்.என்.பி. அதில் 9750-ஐக் கழிச்சு 1340-ல் அனுப்பும். சி பேண்ட் எல்.என்.பி. 5150-லிருந்து கழிக்கும், அப்போ 3810-ல் வர்ற சேனலும் அதே 1340-ல்தான் இறங்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா செட்-டாப் பெட்டியால பிரிக்கவே முடியாது. பூஸ்டர் போட்டா ரெண்டும் சேர்ந்தே பெருகும், பலன் இல்லை.

வேண்டியது டைசெக் 1.0 சுவிட்ச். ஒரு நேரத்துல ஒரு எல்.என்.பி.யை மட்டும் கேபிளோட இணைக்கும். எதை இணைக்கணும்னு பெட்டியே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பால் அதே கேபிள்ல உத்தரவு அனுப்பும். ரெண்டு டிஷ்ஷுக்கு 2×1 போதும். பின்னால இன்னொரு டிஷ் வைக்கிற எண்ணம் இருந்தா 4×1 வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி பெட்டி மெனுவுல டைசெக் வரியும், புது சாட்டிலைட் சேர்க்கிற வசதியும் இருக்கான்னு பாருங்க. சில ஃப்ரீ டிஷ் பெட்டிகள் ஒரே சாட்டிலைட்டுக்குப் பூட்டி வர்றதுண்டு. அது உதவாது, எந்தச் சாட்டிலைட்டோட இலவச சேனலையும் பிடிக்கிற எஃப்.டி.ஏ. எம்பெக்-4 பெட்டி வேணும்.

பெட்டியோட மின் பிளக்கை உருவிட்டுத்தான் மேலே ஏறணும். ரிமோட்ல அணைச்சா கேபிள்ல வோல்ட் இருக்கலாம். ஃப்ரீ டிஷ் போர்ட் 1, சி பேண்ட் போர்ட் 2. ரிசீவர்னு போட்ட முனையில் கீழிறங்கும் கேபிள். சுவிட்ச் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், டிஷ்ஷுக்குப் பின்னால நிழல்ல கட்டுங்க. கனெக்டர்ல நடுக்கம்பி 2, 3 மி.மீ. மட்டும் வெளியே நீட்டணும். பின்னல் கம்பி ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்.என்.பி. ஷார்ட்னு பெட்டி காட்டும்.

மெனுவுல 93.5-க்கு எல்.என்.பி. 9750/10600, போர்ட் 1. 66-க்கு எல்.என்.பி. 5150, போர்ட் 2. போர்ட்டை மாத்திக் கொடுத்துட்டா சிக்னல் அளவு காட்டும், குவாலிட்டி பூஜ்யத்துல நிக்கும்.

ராதாபுரம்_காத்து:
சுவிட்ச் சரி. டிஷ் கோணத்தையும் ஒரு தடவை சரிபாத்துருங்க, நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால கணக்கு வேற மாதிரி. நெல்லை வட்டாரத்துல 93.5-க்கு திசை வடக்கிலிருந்து ஏறக்குறைய 118 டிகிரி, உயரக் கோணம் 69. 66-க்கு திசை 234, உயரம் 73. எல்.என்.பி.யைத் திருப்புற அளவும் இங்கே ரொம்ப அதிகம்: டிஷ்ஷுக்குப் பின்னால நின்னு வானத்தைப் பாத்தா 93.5-க்கு இடஞ்சுழியா சுமார் 60 டிகிரி, 66-க்கு வலஞ்சுழியா சுமார் 53. நேரா நிறுத்தி வச்சா குவாலிட்டி ஏறவே ஏறாது.

இவ்வளவு உயரம் பாக்குறதால தென்னை பெருசாத் தொந்தரவு இல்லை. டிஷ்ஷை விட 10 மீட்டர் உசந்த ஓலைகூட 4 மீட்டர் தள்ளி இருந்தா மறைக்காது. ஆனா 73 டிகிரிக்கு மல்லாந்த தகட்டு டிஷ்ல மழைத்தண்ணி தேங்கும். நடுவுக்கும் கீழ் விளிம்புக்கும் பாதி வழியில குளம் கட்டும். அந்த இடத்துல 5 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. சி பேண்ட் அலைநீளம் 7 செ.மீ.க்கு மேல, அதனால சிக்னலுக்கு ஒண்ணும் ஆகாது. வலை டிஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை, காத்தும் ஊடுருவிப் போகும். ஆடிக் காத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற வேகத்துக்கு 6 அடித் தகட்டை வெறும் போல்ட்டு தாங்காது. கம்பத்தைச் சுத்தி மூணு பக்கம் தாங்கு கம்பி, போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர், அதுக்கு மேல லாக் நட்டு.

வள்ளியூர்வாசி:
டைசெக் போட்டாச்சு. ஃப்ரீ டிஷ் முழுசா வருது. 66-ல வெர்டிகல் சேனல் எல்லாம் வருது, ஹாரிசான்டல் ஒண்ணுகூட வரலை.

பாளை_டிஷ்:
வெர்டிகல் (செங்குத்தா வர்ற அலை), ஹாரிசான்டல் (கிடையா வர்ற அலை), எது வேணும்னு பெட்டி வோல்ட்டாலதான் எல்.என்.பி.க்குச் சொல்லும்: வெர்டிகலுக்கு 13 வோல்ட், ஹாரிசான்டலுக்கு 18. வழியில வோல்ட் குறைஞ்சு எல்.என்.பி.க்கு 15-க்குக் கீழ போனா அது வெர்டிகல்லயே நின்னுக்கும். மலிவுக் கேபிள்ல நடுக்கம்பி செம்பு பூசின இரும்பு, பின்னலும் ஒப்புக்கு நாலு இழை. துருப்பிடிச்ச ஒரு மூட்டு சேர்ந்தா போதும். சோதிக்க வழி சுலபம்: பெட்டியையும் சின்ன டிவியையும் மேலே கொண்டுபோய் 2 மீட்டர் கேபிள்ல சுவிட்சோட மாட்டுங்க. ஹாரிசான்டல் வந்துட்டா குற்றம் கீழிறங்கும் கேபிள்ல அல்லது மூட்டுல. முழுச் செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6 மாத்துங்க, நடுவுல ஒட்டுப் போடாதீங்க. அங்கேயும் வரலைன்னா சுவிட்சைத் தாண்டி எல்.என்.பி.யோட நேரா மாட்டிப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா எல்.என்.பி.தான்.

உவரி_அலை:
இன்னொண்ணையும் பாத்துக்கோங்க: பக்கத்துல 5ஜி கோபுரம் இருக்கா? 5ஜி 3300–3670 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. 3400-லிருந்து வாங்குற அகலமான சி பேண்ட் எல்.என்.பி. அதையும் சேர்த்து விழுங்கித் திணறும். குவாலிட்டி குதிக்குறதுக்கு அதுவும் காரணமாகலாம். 3700–4200 மட்டும் வாங்குற, வடிகட்டி உள்ள எல்.என்.பி. கேட்டு வாங்குங்க.

யாகியைப் பத்தி யாரும் சொல்லலை. தூர்தர்ஷனோட தரைவழி டிஜிட்டல் நம்ம மாநிலத்துல சென்னையில இருந்துதான். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி எந்த ஆன்டெனாவாலயும் பிடிக்க முடியாது. நாலு யாகியைச் சேர்த்துக் கட்டினாலும் கிடைக்கிறது 6 டெசிபெல்தான். எஃப்.எம்.முக்கு வேணும்னா அதே கேபிள்ல இறக்கலாம், அது 88–108 மெகாஹெர்ட்ஸ், டிஷ் சிக்னல் 950-க்கு மேல, மோதாது. ரெண்டு டிப்ளெக்சர் (ஆன்டெனா, டிஷ் சிக்னல்களை ஒரே கேபிள்ல சேர்க்கவும் பிரிக்கவும் ஆகுற சின்ன டப்பா) வேணும். மேலே சுவிட்சுக்கு அடுத்து ஒண்ணு, கீழே பெட்டிக்கு முன்னால ஒண்ணு. சாட்டிலைட் பக்கம் வோல்ட் கடத்தணும், ஆன்டெனா பக்கம் கடத்தக் கூடாது. ரெண்டையும் மாத்தி மாட்டினா டைசெக் வேலையே செய்யாது.

கடலோரக் காரங்களுக்கு: ஒவ்வொரு கனெக்டரையும் தன்னோட தானே ஒட்டுற ரப்பர் டேப்பால கீழேயிருந்து மேல சுத்துங்க, கேபிள் உள்ளே நுழையுற இடத்துல தண்ணி சொட்ட ஒரு தொங்கல் விடுங்க. சாதாரண மின்சார டேப்பு வெயில்ல உரிஞ்சு, உப்பு உள்ளே போய் நடுக்கம்பி பச்சை பூத்துரும்.

வள்ளியூர்வாசி:
மேலே வச்சுப் பாத்தா ஹாரிசான்டல் வருது. கேபிள்தான். முழுச் செம்புக்குச் சொல்லியிருக்கேன், டிப்ளெக்சர் அதோடயே வாங்கிக்கிறேன்.