என்பிடெல் தேர்வு எழுதியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம். ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் கல்வித் திட்டம்) தரும் 12 வார பைத்தான் நிரல்மொழிப் பாடத்தில் சேரலாம் என்று இருக்கிறேன். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம், அதையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். வாராவாரம் தரும் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இதுவரை தெரியும்.

வேலை முடிந்து வீடு வர ஒன்பதாகிவிடும். அதற்குமேல் வீடியோ போட்டால் கண் சொருகுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் வார அசைன்மென்ட் கெடுவை எப்படிச் சமாளித்தீர்கள்? தேர்வுக் கேள்விகள் அசைன்மென்ட் சாயலில்தான் இருக்குமா? நான் தமிழ்வழியில் படித்தவள். தமிழில் பெயர்த்த பாடக்குறிப்பு உருப்படியாக இருக்கிறதா?

"முயற்சி செய்யுங்க, முடியும்" மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது!